துட்டி வீட்டில் கைதட்டல்

பதினாறாம் நாள் விசேஷத்தில் யாராவது கை தட்டுவார்களா? எங்கள் ஆட்கள் தட்டினார்கள்.

பூவனநாதன் அண்ணாச்சி கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலை, வைத்திருந்தவர். அவர் இறந்த பதினாறாம் நாள், வீட்டு வாசலில் பந்தல் போட்டு, மகன் இசக்கிராஜாவை மனையில் உட்கார வைத்து, தாய்மாமன் உருமா கட்டினார். அப்பா போய்விட்டார், இனி இந்த வீட்டுக்குத் தலை நீதான் என்று சொந்தபந்தம் அறியச் சொல்லும் தலைப்பாகை அது. அதுவரை எல்லாம் முறைப்படிதான் நடந்தது. அடுத்ததாக எழுந்தார் எங்கள் மன்றத்தின் தலைவர் செண்பகராஜ். உரக்கடைக்காரர், நல்ல மனுஷன். ஆனால் நாலு பேர் கூடினால் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும், கண்ணில் தண்ணீர் வந்தால் வாய் நிற்காது. கையோடு கொண்டு வந்திருந்த சால்வையை இசக்கிராஜாவின் தோளில் போட்டார். "நம்ம மன்றத்துல அண்ணாச்சி இருந்த எடத்துல இனிமே தம்பிதான் இருப்பாரு!" என்று ஒரே போடாகப் போட்டார்.

மன்றத்து ஆட்கள் முக்கால்வாசிப் பேர் பந்தலில்தான் இருந்தார்கள். எங்கள் மன்றத்தில் நிர்வாகக் குழுவுக்கு ஒருவர் பெயரைத் தலைவர் சொன்னால் எல்லோரும் கை தட்டுவோம். தட்டினால் அவர் சேர்ந்தாயிற்று என்று அர்த்தம். ஓட்டு, பெட்டி, எண்ணிக்கை எதுவும் கிடையாது. அந்தப் பழக்க தோஷத்தில் ஒருத்தர் ஆரம்பிக்க, பின்னால் எல்லோரும் படபடவென்று தட்டிவிட்டார்கள். உள்ளே ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் திடுக்கிட்டு நிறுத்திவிட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்குச் செண்பகராஜ் கையில் கிடைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

என் பக்கத்தில் ஷம்சாத் உட்கார்ந்திருந்தாள். என் முழங்கையை அவள் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது.

"வள்ளியக்கா, என்ன காரியம் பண்ணிட்டாவ இவிய! சீனித்தாய்க்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

சாவு விழுந்த துட்டி வீட்டில் எழுந்து நின்று 'இது செல்லாது' என்று சொல்ல முடியுமா? வாயை மூடிக்கொண்டு இருவரும் சாப்பிடாமல் கிளம்பினோம்.

ஷம்சாத்தைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பஜாரில் குடையும் ஸ்கூல் பையும் விற்கும் கடை அவளுடையது. புருஷன் செய்யது அலி சவுதியில் லாரி ஓட்டினார். அங்கேயே மாரடைப்பு வந்து இறந்துபோனார். உடம்பு ஊர் வந்து சேர்வதற்குள் இவள் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. கைப்பிள்ளையோடு ஒவ்வொரு வாசலாக நின்றாள். 'அந்த நாட்டுல கேளும்மா' என்றான் ஒருத்தன். 'டெல்லியில கேளும்மா' என்றான் இன்னொருத்தன். அப்போது தன் ஜீப்பில் கூட்டிப்போய், கலெக்டர் ஆபீசில் மேசையைத் தட்டிப் பேசியவர் பூவனநாதன் அண்ணாச்சி. உடம்பு வந்தது. அடக்கம் நடந்தது. மூன்றாம் மாதம் அண்ணாச்சி அவள் கடைக்கு வந்து, "ஏம்மா, உனக்கு நடந்தது இன்னும் எத்தனை பேருக்கு நடக்கோ? ஒரு சங்கம் மாதிரி வச்சா என்ன?" என்று கேட்டார். அப்படி ஆரம்பித்ததுதான் எங்கள் கரிசல் உலக உறவு மன்றம்.

ஊரில் எங்களைக் கேலி செய்யாத ஆள் கிடையாது. 'கோவில்பட்டியில் உட்கார்ந்துகொண்டு உலகத்தைத் திருத்தப் போகிறார்கள்' என்பார்கள். நான் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து விருப்ப ஓய்வில் வந்தவள். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் இதில் சேர்ந்தேன். சேர்ந்த புதிதில் எனக்கே சிரிப்புத்தான். வெளிநாட்டில் வேலை செய்கிறவர்களுக்கான ஒப்பந்தத்தில் நம் அரசு கையெழுத்துப் போட வேண்டும் என்று எம்.பி.க்களுக்கு எழுதுவோம். எங்கோ நடக்கும் போரை நிறுத்து என்று பஸ் ஸ்டாண்டு முன்னால் மெழுகுவத்தி பிடிப்போம். வெளியுறவுத் துறைக்கும் ஐ.நா. ஆபீசுக்கும் மனுப் போட்டுக்கொண்டே இருப்போம். இதையெல்லாம் நடத்துவது ஆறு பேர் கொண்ட நிர்வாகக் குழு. சம்பளம் கிடையாது, டீக்குக்கூட அவரவர் பைசாதான். செயலாளர் ஷம்சாத். நான் குழுவில் இல்லை, கூடமாட வேலை செய்கிறவள்.

ஆறு பேரைத் தேடுவது லேசுப்பட்ட காரியம் என்று நினைக்காதீர்கள். "சும்மா வேலை செய்ய வாறவியளக் கூப்பிட்டு உக்கார வச்சு இன்டர்வியூ பண்ணுனா மரியாதையா இருக்குமா? நாமதான் வீடு தேடிப் போவணும்" என்பது ஷம்சாத் கொண்டுவந்த வழக்கம். செண்பகராஜ், அவள், நான் மூன்று பேரும் போவோம். வீட்டில் எல்லோரோடும் பேசுவோம். அண்ணாச்சி உடம்பு முடியாமல் போன வருஷம் குழுவிலிருந்து விலகியதும் அவர் இடத்துக்கு ஆள் தேடி அலைந்தோம். ஒரு வீட்டில் எடுத்த எடுப்பில், "லெட்டர் பேடுல என் பேரு எத்தனாவதா வரும்?" என்று கேட்டார்கள். இன்னொரு வீட்டில் அந்த மனுஷன் வாய் திறக்கும் முன்பே பெண்டாட்டிக்காரி, "ஞாயித்துக்கெழம இவிய வீட்ல இருந்தாத்தான் எனக்குத் தொந்தரவு, தாராளமா கூட்டிட்டுப் போங்க" என்றாள். அவரைச் சேர்க்கலாம் என்றுகூட நான் சொன்னேன்.

கடைசியில் நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் சீனித்தாய் வீட்டுக்குப் போனோம். மானாவாரி மிளகாய்தான் பிழைப்பு. அவள் மகன் தங்கப்பாண்டியனைத் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று ஏஜென்ட் ஒருவன் கூட்டிப்போனான். போன இடத்தில் எல்லை தாண்டி மியான்மர் பக்கம் கொண்டுபோய் ஒரு கட்டடத்தில் அடைத்துவிட்டார்கள். போனில் ஊரை ஏமாற்றிப் பணம் பறிக்கும் வேலை. மாட்டேன் என்றால் அடி, கரண்ட் ஷாக். இரண்டு தரம் திருட்டுத்தனமாகப் பேசினான். அப்புறம் பேச்சே இல்லை. இருக்கிறானா என்றே தெரியாது. அவனைப் போல இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இன்னும் சிலர் அங்கே.

டெல்லியிலிருந்து வெளியுறவுத் துறை பெரிய அதிகாரி ஒருவர் சென்னை வரப்போவதாகவும், எங்கள் மன்றத்தின் நிர்வாகக் குழுவை மட்டும் நேரில் பார்ப்பதாகவும் அப்போதே தெரியும். எத்தனையோ வருஷம் எழுதியதற்குக் கிடைத்த முதல் சந்திப்பு. பெயர்களை முன்னதாகவே கொடுத்துவிட வேண்டும், வேறு ஆள் உள்ளே போக முடியாது.

சீனித்தாய் நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அங்கன போனா அந்த ஆபீசர் மொகத்தப் பாத்து நான் பேசலாமா தாயி?"

"நீங்கதான் பேசணும்க்கா. இந்த எடம் உங்களுக்குத்தான்" என்று ஷம்சாத் அவள் கையைப் பிடித்துச் சொன்னாள். செண்பகராஜும், "ஆமாம்மா, கட்டாயம்" என்றார். அன்றைக்கு அவள் வீட்டில்தான் சாப்பிட்டோம். பொதுக்குழு கூடி ஒரு தரம் கை தட்டுவதுதான் பாக்கி. அதற்குள் அண்ணாச்சி இறந்துபோனார், கை தட்டு வேறொருத்தருக்குப் போய்விட்டது.

மறுநாள் காலையில் ஷம்சாத் என் வீட்டுக்கு வந்து, என் முன்னாலேயே சீனித்தாய்க்குப் போன் போட்டாள். சொல்லிவிடுவது என்றுதான் எடுத்தாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"தாயி, நானே பேசணும்னு இருந்தேன். மெளகாய்க் காவலுக்குப் பக்கத்துக் காட்டுக்காரி வாறேன்னு சொல்லிட்டா. சென்னைக்குப் போறதுக்கு ஒரு சீல எடுத்து வச்சிருக்கேன். அங்கன என்ன பேசணும்னு தெனமும் மாட்டுக்கிட்டச் சொல்லிப் பாத்துக்கிடுதேன். அது தலைய ஆட்டுது" என்று சிரித்தாள் சீனித்தாய். அவள் சிரித்து நான் அதுவரை கேட்டதே இல்லை.

ஷம்சாத், "ஞாயித்துக்கெழம பொதுக்குழுவுக்கு மதியம் வந்தாப் போதும்க்கா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். வைத்த பிறகு அப்படி ஒரு அழுகை. எனக்குக் கோபம்தான் வந்தது. "அழுது என்னத்துக்காச்சு? எந்திரி, அந்தச் செண்பகராஜ் சட்டையப் பிடிப்போம்" என்று இழுத்துக்கொண்டு போனேன்.

உரக்கடையில் செண்பகராஜ் எங்களைக் கண்டதுமே எழுந்துவிட்டார். அவருக்கும் தூக்கம் இல்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"அண்ணாச்சி, நீங்கதான் சொன்னீங்க. நீங்கதான் வாபஸ் வாங்கணும்" என்றாள் ஷம்சாத்.

"எப்படிம்மா? உருமா கட்டுன எடத்துல சொன்ன சொல்லு. அதப் போய் இல்லன்னு சொன்னா, நாளப்பின்ன அந்த வீட்டுல நான் கை நனைக்க முடியுமா?"

"சீனித்தாய் வீட்டுல கை நனைச்சீங்கள்ல, அது?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "என் எடத்த எடுத்துக்கோம்மா, நான் வெலகிக்கிடுதேன்" என்றார். அது நடக்கிற கதையா? தலைவர் இல்லாமல் மன்றம் போய் நின்றால் என்ன மரியாதை? குழுவில் இருந்த மற்றவர்களையும் யோசித்துப் பார்த்தோம். குளத்தூர்க்காரர் மீன்பிடிக்கப் போய்க் கடலில் பிடிபட்ட பிள்ளைகளுக்காகப் பேசப் போகிறார். விளாத்திகுளத்து டீச்சர் வீட்டு வேலைக்குப் போய் மாட்டிக்கொண்ட பெண்களுக்காக. ஹிதாயத்துல்லா பாய் சவுதியில் சம்பளம் கிடைக்காமல் நிற்பவர்களுக்காக. ஆளுக்கொரு பாரம் தூக்கிக்கொண்டு போகிறவர்கள். யாரைப் பார்த்து இறங்கு என்று சொல்ல? ஷம்சாத் தன் இடத்தைக் கொடுக்கத் தயார்தான். ஆனால் இந்தியிலும் இங்கிலீஷிலும் அந்த அதிகாரிக்குப் பதில் சொல்லக்கூடியவள் அவள் ஒருத்திதான். அவள் இல்லாமல் சீனித்தாய் பேசுவதை யார் எடுத்துச் சொல்வது?

"அப்ப நான் இசக்கிராஜா வீட்டுக்கே போறேன்" என்றாள்.

"வேண்டாம்மா. பச்ச ரணம்" என்றார் செண்பகராஜ். நானும் வேண்டாம் என்றேன். கேட்கிற ஆளா அவள்?

பந்தல் பிரித்திருந்தார்கள். இசக்கிராஜா மொட்டைத் தலையோடு முன்னறையில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் தாய்மாமன். "வாங்க அத்த" என்று எழுந்து நாற்காலி போட்டான். நல்ல பையன்தான், அதைச் சொல்லத்தான் வேண்டும். அப்பாவின் நிழலிலேயே இருந்தவன். முப்பது வயதாகியும் தீப்பெட்டி ஆபீசில் 'மொதலாளி மகன்' என்ற பெயரைத் தாண்டி ஒரு பெயர் கிடைக்கவில்லை.

ஷம்சாத் சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் முகம் இறுகிக்கொண்டே போனது.

"அத்த, எனக்கு அந்த எடத்து மேல ஒண்ணும் ஆசயில்ல. ஆனா அத்தன சொந்தக்காரனும் பாத்தாச்சு. இப்ப எறங்குனா, 'பய லாயக்கில்ல, எறக்கி விட்டுட்டாவ'ன்னு பேச மாட்டாவளா? அந்தம்மா ஒரு மனு எழுதிக் குடுக்கட்டும். நானே ஆபீசர் கையில குடுக்கேன். சத்தியமா குடுக்கேன்."

"மனு நாம எத்தனையோ குடுத்துட்டோம் தம்பி. எல்லாம் எங்கயோ ஃபைல் கட்டுல கெடக்கு. பெத்தவ நேர்ல நின்னு கேட்டா அந்த மனுஷன் மொகத்தத் திருப்ப முடியாதுல்லா?"

அதுவரை சும்மா இருந்த தாய்மாமன், "ஏம்மா, எங்க வீட்டு உருமாவப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" என்றார்.

'உங்களுக்கு' என்பதை அவர் அழுத்தின அழுத்தத்தில் அறையே அடைத்துப் போயிற்று. எனக்கு உச்சந்தலையில் ஏறியது. "ஏன், தெரியாதோ? உங்க அத்தான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப அவிய வீட்டுக்காரிக்குத் தொணையா வராண்டாவுல படுத்துக் கெடந்தது யாரு? நீங்களா?" என்று கத்திவிட்டேன். ஷம்சாத் என் கையைப் பிடித்து அழுத்தினாள். முகம் வெளுத்துப் போயிருந்தது அவளுக்கு.

உள்ளறைக் கதவோரம் பாயில் உட்கார்ந்திருந்த முத்துமாரியம்மாள் மதினி, அண்ணாச்சியின் மனைவி, அப்போதுதான் வாய் திறந்தார். சத்தமே இல்லாத குரல்.

"ஷம்சாத்து, பதினாறு நாளா இந்த வீட்டுக்கு வந்தவியல்லாம் ஆறுதல் சொல்ல வந்தாவ. நீ ஒருத்திதான் கேட்டு வந்திருக்க."

ஷம்சாத் எழுந்தாள். "தப்புத்தான் மதினி" என்றாள். அதற்கு மேல் அங்கே நிற்க முடியுமா?

தெருமுனையில் ஷம்சாத் ஸ்கூட்டரை நிறுத்தினாள். "அந்த அண்ணாச்சி இல்லன்னா எம் புருஷன் மண்ணு எனக்குக் கெடச்சிருக்காது. அவிய வீட்டுலயே போய் நான் கேவலப்பட்டு வந்திருக்கேன்" என்றாள். விடு, உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, சீனித்தாயிடம் நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்று சொன்னேன்.

"நீங்க சொல்ல வேண்டாம்க்கா. நான் ஞாயித்துக்கெழம பொதுக்குழுவுல கை தூக்கச் சொல்லப் போறேன். சீனித்தாயா, இசக்கிராஜாவான்னு."

"ஏட்டி, உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? நம்ம மன்றத்துல எவன் கை தூக்கியிருக்கான்? அதுவும் அப்பன் செத்த பையனுக்கு எதிரா! தோத்துருவட்டி."

"தோத்தாத் தோத்துட்டுப் போறேன். ஆனா சீனித்தாய் அக்கா வாறதுக்கு முன்னால தோக்கணும். அவிய மூஞ்சிக்கு முன்னால தோத்துரக் கூடாது. நல்ல வேள, மதியம் வாங்கன்னு சொல்லி வச்சேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் பொதுக்குழு கூடியது, இடம் வேறு எங்கே? அண்ணாச்சியின் தீப்பெட்டி ஆபீஸ் மாடி. இலவசமாகக் கொடுத்து வைத்திருந்தார். ஏறிப் போனால் எதிரே அண்ணாச்சி படம், பெரிய மாலை. முன்வரிசையில் இசக்கிராஜா, அவனுக்குப் பக்கத்தில் அந்தத் தாய்மாமன். மன்றத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, காவலுக்கு வந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். ஷம்சாத் என்னவோ செய்யப் போகிறாள் என்பது எப்படியோ எல்லோருக்கும் தெரிந்துவிட்டிருந்தது. வழக்கமாகக் கூட்டத்துக்கு முன்னால் காதைக் கிழிக்கும் பேச்சு இருக்கும். அன்றைக்கு ஒருத்தரும் ஒருத்தர் முகத்தைப் பார்க்கவில்லை.

செண்பகராஜ் அஞ்சலி சொல்லி முடிப்பதற்குள் ஷம்சாத் எழுந்துவிட்டாள்.

"துட்டி வீட்டுல நாம கை தட்டுனது பொதுக்குழு இல்ல. அதுக்கு முன்னால நாகலாபுரத்துல ஒரு தாய்க்கு நான் சொல்லு குடுத்திருக்கேன். நான் மட்டும் இல்ல, மன்றம் குடுத்திருக்கு. இசக்கிராஜா தம்பி மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல. அண்ணாச்சி எனக்குக் கூடப் பொறந்தவருக்கு மேல. ஆனா இந்த எடம் அப்பனுக்குப் பெறகு மகனுக்குன்னு வாறது இல்ல. நாளைக்குப் பேரக் குடுத்தாவணும். சீனித்தாய் அக்கா வேணும்ங்கிறவிய கை தூக்குங்க."

யார் தூக்குவார்கள்? சுவரில் செத்தவர் படம், முன்னால் மொட்டைத் தலையோடு அவர் மகன், காலுக்குக் கீழே அவர் கட்டடம். நான் தூக்கினேன். பின்னாலிருந்து ஹிதாயத்துல்லா பாய் பாதி தூக்கினார். தாய்மாமன் திரும்பிப் பார்த்ததும் அந்தக் கை தாடியைத் தடவுவது போல இறங்கிவிட்டது. விளாத்திகுளத்து டீச்சர் மடியில் இருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார். செண்பகராஜ் அழத் தொடங்கிவிட்டார். என் கை மட்டும் ஒற்றைக் கம்பம் மாதிரி நின்றது. வலித்தது, இறக்கவில்லை. இத்தனை வருஷம் ஊர் ஊராகப் போய் அநியாயத்தைத் தட்டிக் கேள் என்று பேசிய ஆட்களா இவர்கள் என்று எனக்கு வயிறு எரிந்தது.

"முடிச்சிருவோமா?" என்றார் தாய்மாமன்.

அப்போது மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஷம்சாத் வாசலைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த பயத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

சீனித்தாய் வந்து நின்றாள். எடுத்து வைத்திருப்பதாகச் சொன்ன புதுச்சேலையைக் கட்டியிருந்தாள். "வீட்டுல இருப்புக் கொள்ளல தாயி, மொத பஸ்ஸுக்கே வந்துட்டேன்" என்றாள். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தவள், மாலை போட்ட படத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். கும்பிட்டாள். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "மகன் யாரு?" என்று கேட்டாள்.

மொட்டைத் தலையைப் பார்த்து அவளே தெரிந்துகொண்டாள். நேரே இசக்கிராஜாவிடம் போனாள்.

எங்கள் பக்கத்தில் துட்டிக்குப் போக முடியாமல் போனவர்கள், செத்தவரின் பிள்ளையை முதல்முதலாகப் பார்க்கும் இடத்தில் கையைப் பிடித்துத் துக்கம் கேட்பார்கள். பஸ் ஸ்டாண்டாக இருந்தாலும் சரி, கல்யாண வீடாக இருந்தாலும் சரி, அதைக் கேட்டுவிட்டுத்தான் மறு பேச்சு. அவள் அதைத்தான் செய்தாள். அவன் முன்னால் தரையில் உட்கார்ந்து, அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாவப் பறிகுடுத்திட்டியே ராசா! மகராசன் ஊரு பிள்ளைக்கெல்லாம் ஓடுனாவளே ராசா!" என்று குரல் எடுத்தாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள். "கடைசியில பக்கத்துல இருந்தியா? வாயில பால் ஊத்துனியா?"

அவன் தலையை ஆட்டினான்.

"குடுத்து வச்சவன்யா நீ. கண்ணால பாத்து, கொள்ளி வச்சு, பதினாறும் கும்பிட்டுட்ட. நான் எம் பிள்ளைக்கு வெளக்கு ஏத்தி வைக்கவா, சோறு எடுத்து வைக்கவான்னு தெரியாம இருக்கேன் ராசா. தெனமும் ராத்திரி சோத்த எடுத்து வைக்கேன். காலையில மாட்டுக்கு ஊத்துதேன்."

குத்திக் காட்டுவதற்காக அவள் சொல்லவில்லை. அவளுக்குத்தான் ஒன்றுமே தெரியாதே! துட்டி கேட்கப் போகும் இடத்தில் தங்கள் துக்கத்தையும் சேர்த்து அழுவது எங்கள் பெண்களுக்கு வழக்கம். அவ்வளவுதான்.

இசக்கிராஜா சுடுகாட்டிலும் அழவில்லை, உருமா கட்டும்போதும் அழவில்லை என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். இப்போது அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை போல அழுதான். தாய்மாமன், "ஏலே, எந்திரிலே" என்று தோளைத் தொட்டார். அவன் கையைத் தட்டிவிட்டான். சீனித்தாய் அவன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். ஷம்சாத் கூட்டத்துக்கு நடுவில் அப்படியே நின்றாள். சீனித்தாய் சொன்னது அவளுக்குத் தெரியாத துக்கமா? அதே வாசலில் அவளும் நின்றவள்தானே. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கவில்லை.

கடைசியில் அவன் எழுந்தான். முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டான்.

"மாமா, ஷம்சாத் அத்த இப்பக் கேட்டாவள்ல... அத இன்னொரு தடவ கேளுங்க" என்றான் செண்பகராஜைப் பார்த்து.

செண்பகராஜ் அழுகையோடே கேட்டார். "சீனித்தாய் அம்மா நிர்வாகக் குழுவுக்கு... வேணும்ங்கிறவிய..."

முதலில் தூக்கியது இசக்கிராஜாதான். தலைக்கு மேல் நன்றாக உயர்த்தித் தூக்கினான். மாமன்காரர் அவனை முறைத்துப் பார்த்துவிட்டு வெளியே போனார். டீச்சர் தூக்கினார். ஹிதாயத்துல்லா பாய் இந்தத் தரம் இரண்டு கையையும் தூக்கினார். குளத்தூர்க்காரர், பின்வரிசை, ஜன்னலோரம் நின்றவர்கள் எல்லோரும் தூக்கினார்கள். நான் இன்னும் இறக்கவே இல்லை. ஷம்சாத் மட்டும் தூக்கவில்லை. முன்னால் இருந்த நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள், விட்டால் விழுந்துவிடுவாள் போலிருந்தது.

தரையில் உட்கார்ந்திருந்த சீனித்தாய் சுற்றிப் பார்த்தாள். ஒன்றும் புரியாமல் ஷம்சாத்திடம் கேட்டாள்.

"என்ன தாயி, எல்லாரும் எதுக்குக் கையத் தூக்கிட்டு நிக்காவ?"

"நீங்க சென்னைக்கு வாறதுக்குத்தான்க்கா."

"அதுக்கு எதுக்கு? அதத்தான் நீ அன்னைக்கே சொல்லிட்டியே?"

ஷம்சாத் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆமாக்கா" என்றாள். "அன்னைக்கே சொல்லிட்டேன்."